தொலைந்த பட்டியல்

சண்டைப் படம் ஒன்றைப் பற்றி, "கதை பொருந்தவில்லையே!" என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், ஒரு கட்சியார் உடனே வரிந்து கட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். "ஜேம்ஸ் பாண்ட் படத்துக்குப் போய்க் கதையைத் தேடுவானேன்? மோட்டார் பறந்ததா, ரயில் கவிழ்ந்ததா, மாளிகை வெடித்ததா? கொடுத்த காசுக்கு அது போதாதா?" என்பது அவர்களுடைய வாதம்.

வாதம் நல்ல வாதந்தான். படம் எடுத்தவர்களும் அதே கட்சியைச் சேர்ந்தவர்களாயிருந்தால், நாமும் வாயை மூடிக்கொண்டு வேடிக்கை பார்த்துவிட்டு வந்துவிடலாம். சர்க்கஸில் கரடி சைக்கிள் விடும்போது, "இந்தக் கரடி எந்தக் கடையில் சைக்கிள் வாங்கிற்று?" என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் 2012-ம் வருஷம் வெளியான 'ஸ்கைஃபால்' என்னும் படத்தை எடுத்தவர்கள் சர்க்கஸ் கொட்டகை போட்டவர்கள் அல்ல. மூப்பு, மரணம், தாய்க்கும் பிள்ளைக்கும் உள்ள கடன், தேசத்தின் பெயரால் தன் ஆட்களையே பலி கொடுக்கும் அதிகாரியின் மனச்சாட்சி ஆகிய பெரிய விஷயங்களையெல்லாம் எடுத்துப் பரப்பி வைத்து, கடைசியில் நம்மிடம் கண்ணீரைக் கேட்கிறார்கள். வேடிக்கை காட்டுகிறவன் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. கண்ணீர் வசூலிக்க வருகிறவனிடம் கணக்குக் கேட்கத்தான் வேண்டும்.

படம் சாமான்யமான படம் அன்று. முதல் பாண்ட் படமாகிய 'டாக்டர் நோ' 1962-ல் வெளிவந்தது. அதற்கு ஐம்பது வருஷம் நிறைந்த சமயத்தில், வரிசையில் 23-வதாக இது வந்தது. நாடக மேடையில் பெயர் வாங்கியவரும், 'அமெரிக்கன் பியூட்டி' படத்துக்காக ஆஸ்கார் பரிசு பெற்றவருமான ஸாம் மெண்டிஸ் டைரக்டர். செலவு 15 கோடி டாலருக்கு மேல், 20 கோடி வரையில் ஆயிற்று என்று சொல்லுகிறார்கள். வசூலோ 110 கோடி டாலரைத் தாண்டியது. பாண்ட் படம் ஒன்று 100 கோடி டாலரைத் தொட்டது அதுவே முதல் தடவை. ரோஜர் டீக்கின்ஸ் பிடித்திருக்கும் படங்களைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது. ஷாங்காய் நகரத்துக் கண்ணாடி மாளிகையில், நீல வெளிச்சத்துக்கு முன்னால் இரண்டு நிழல்கள் கட்டிப் புரளும் சண்டை ஒன்று வருகிறது. சண்டைக் காட்சி என்றாலே கண்ணை மூடிக்கொள்ளும் பாட்டிமார்கூட அதைக் கண் கொட்டாமல் பார்ப்பார்கள். ஜூடி டென்ச் அம்மையாரின் நடிப்போ சொல்ல வேண்டியதே இல்லை. இவ்வளவு இருந்தும், கொட்டகையை விட்டு வெளியே வந்து காற்றுப் பட்டவுடன், "அது சரி, அந்தப் பட்டியல் என்னவாயிற்று?" என்று ஒரு கேள்வி எழுகிறது. கேள்வி எழுந்த பிறகு தூக்கம் வருகிறதில்லை.

படம் வந்து எவ்வளவோ வருஷம் ஆகிவிட்டபடியால் கதையை முடிவு வரையில் சொன்னாலும் பாவமில்லை. பயங்கரவாதக் கூட்டங்களுக்குள் வேஷம் போட்டுக்கொண்டு புகுந்திருக்கும் நேட்டோ உளவாளிகளின் பெயர்ப் பட்டியல் ஒன்று, இஸ்தான்புல் நகரில் களவு போகிறது. பாண்ட் அதைத் துரத்துகிறார். ஓடுகிற ரயிலின் கூரையில் அவரும் பாட்ரீஸ் என்னும் கொலைகாரனும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கையில், தொலைவில் துப்பாக்கியுடன் நிற்கும் ஈவ் என்னும் பெண்ணைச் சுடும்படி லண்டனிலிருந்து உத்தரவு வருகிறது. உத்தரவு போடுகிறவர் இலாகாவின் தலைவியாகிய எம் அம்மாள். குண்டு தவறிப் பாண்டின்மேல் பாய்கிறது. அவர் ஆற்றில் விழுகிறார். செத்தார் என்று எழுதிவிடுகிறார்கள். அப்புறம் லண்டனில் உளவு இலாகாவின் கட்டடமே வெடிக்கிறது. செத்தவர் திரும்பி வருகிறார். திருட்டுக்கும் வெடிக்கும் மூல புருஷன் சில்வா என்பவன். அவன் முன்னொரு காலத்தில் எம் அம்மாளிடமே வேலை பார்த்தவன். ஹாங்காங் 1997-ல் சீனாவின் வசமாகும் சமயத்தில், வேறு ஆறு ஆட்களை மீட்பதற்காக அந்த அம்மாளாலேயே சீனர் கையில் ஒப்புக்கொடுக்கப்பட்டவன். பழி தீர்க்க வந்திருக்கிறான். எவ்வளவு நல்ல கதை! பெற்ற தாயைப்போல் நம்பியிருந்தவள் கைவிட்டாள். கைவிடப்பட்ட இரண்டு பிள்ளைகளில் ஒருவன் அவளைக் காக்க வருகிறான், ஒருவன் கொல்ல வருகிறான். இந்த விதையிலிருந்து ஆலமரமே முளைத்திருக்கலாம்.

முதலில், மன்னிக்கத் தக்க ஓட்டையை மன்னித்துவிடுவோம். பாண்ட் விழுகிற பாலம் துருக்கியில் அதானாவுக்கு அருகில் இருக்கும் வார்தா பாலம்; நிஜமான பாலந்தான். உயரம் 98 மீட்டர். தோளிலே ஒரு குண்டு, உடம்பிலே இன்னொரு குண்டு, 98 மீட்டர் உயரத்திலிருந்து தலைகுப்புற விழுந்து, நீர்வீழ்ச்சியிலும் அடித்துக்கொண்டு போனவர், அடுத்த தடவை நாம் பார்க்கும்போது கடற்கரைக் குடிசையில் சௌக்கியமாக இருக்கிறார். எப்படிப் பிழைத்தார் என்பதைப் பற்றி மூச்சு இல்லை. இருக்கட்டுமே! அநுமார் சமுத்திரத்தைத் தாண்டினார் என்றால், எத்தனை மைல் என்று கேட்டுக்கொண்டு யாரும் கதையை நிறுத்துவதில்லை. கதாநாயகன் சாகமாட்டான் என்பது டிக்கட்டு வாங்கும்போதே நாம் ஒப்புக்கொண்டுவிட்ட ஒப்பந்தம்.

ஒப்பந்தத்தில் சேராத விஷயங்கள் வேறு இருக்கின்றன.

ஷாங்காயை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியலைத் திருடிய பாட்ரீஸ் அங்கே இன்னொரு கொலை செய்ய வருகிறான். பாண்ட் அவனைப் பின்தொடர்ந்து, லிப்டின் அடியில் தொங்கிக்கொண்டே போய், அதே மாடியில் இறங்கி, இருட்டில் நிற்கிறார். கொலைகாரன் சாவகாசமாகக் கண்ணாடியில் வட்டமாக ஒரு துளை அறுக்கிறான், துப்பாக்கியைத் துண்டு துண்டாக எடுத்துப் பூட்டுகிறான், குறி பார்க்கிறான். எதிர் வீட்டில் ஒரு மனிதர் சுவரில் மாட்டியிருக்கும் சித்திரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். (அது மோதில்யானி எழுதியது, 2010-ல் பாரிஸ் நகரத்துக் கலைக்கூடத்திலிருந்து நிஜமாகவே திருட்டுப் போன சித்திரம். 'டாக்டர் நோ' படத்திலும் இப்படித்தான், 1961-ல் லண்டனில் களவு போன கோயாவின் சித்திரம் ஒன்று வில்லன் வீட்டில் இருக்கும். இந்த மாதிரி சின்ன விஷயங்களில் இவர்களுக்குள்ள ஞாபகசக்தி அபாரம். இதைப் பிற்பாடு கவனிப்போம்.) துப்பாக்கி வெடிக்கிறது, அந்த மனிதர் விழுகிறார். அதற்குப் பிறகுதான் நமது கதாநாயகர் சண்டைக்குப் போகிறார்!

ஏன் இவ்வளவு நேரம் காத்திருந்தார்? கொலையைத் தடுக்கக் கூடாது என்று உத்தரவா? இறந்தவர் கெட்டவரா? படம் ஒன்றும் சொல்லவில்லை. காத்திருந்ததால் ஏதாவது லாபம் கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை. கொலைகாரன் யாருக்காக வேலை செய்கிறான் என்று சொல்லாமலே மாடியிலிருந்து விழுந்து சாகிறான். உண்மைக் காரணம் ஒன்றுதான்: கண்ணாடி அறுப்பதும் துப்பாக்கி பூட்டுவதும் பார்க்க அழகாயிருக்கின்றன. அந்த அழகுக்காக ஒரு மனிதன் சாக வேண்டியிருக்கிறது.

இது ஒரு தடவை நேர்ந்தால் கைப்பிசகு என்று விடலாம். மக்காவ் சூதாட்ட மாளிகையில் செவரின் என்ற பெண் வருகிறாள். சிறு வயதிலேயே துஷ்டர் கையில் அகப்பட்டவள். சில்வாவின் பெயரைக் கேட்டாலே நடுங்குகிறவள். அவளை விடுவிப்பதாகப் பாண்ட் வாக்குக் கொடுக்கிறார். பிறகு இருவரையும் ஜனங்கள் காலி செய்துவிட்ட ஒரு பாழ்த் தீவுக்குக் கொண்டு போகிறார்கள். ஜப்பானில் 1974-ல் காலியான ஹாஷிமாத் தீவை மாதிரியாக வைத்து அமைத்த இடம். பார்க்க வேண்டிய காட்சி. அங்கே சில்வா அவள் தலைமேல் ஒரு மதுக் கோப்பையை வைத்து, அதைச் சுடும்படி பாண்டிடம் பந்தயம் கட்டுகிறான். பாண்ட் வேண்டுமென்றே குறி தவறச் சுடுகிறார். சில்வா அவளையே சுட்டுக் கொல்லுகிறான். அவள் விழுந்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பாண்ட் சுற்றி நின்ற காவல்காரர்கள் அத்தனை பேரையும் கையோடு தீர்த்துவிடுகிறார்! மேலே ஹெலிகாப்டர்களும் வந்துவிடுகின்றன. அவர் சட்டைப் பையிலிருந்த சிறு ரேடியோ முன்னமே செய்தி அனுப்பிக்கொண்டிருந்ததாம்.

அப்படியானால், அந்தக் கை வரிசையை ஒரு நிமிஷம் முன்னால் காட்டியிருந்தால் என்ன? அந்தப் பெண் உயிரோடு இருந்திருப்பாள். இருந்தால் அப்புறம் அவளை எங்கே வைத்துக்கொள்வது என்று கதை எழுதினவர்களுக்குத் தெரியவில்லை, ஆகையால் போய்விட்டாள். அவளுக்காகப் பாண்ட் ஒரு பொழுதும் வருந்தியதாகப் பின்னால் தெரியவில்லை. கண்ணீர் கேட்கிற படத்தில், கண்ணீர் விட வேண்டிய இடம் இது. இங்கே யாரும் விடுகிறதில்லை.

இனி, எல்லோரும் எடுத்துச் சொல்லுகிற பிரசித்தமான ஓட்டைக்கு வருவோம். சில்வாவைப் பிடித்து லண்டனில் கண்ணாடிக் கூண்டில் அடைக்கிறார்கள். அவனுடைய கம்ப்யூட்டரும் கூட வந்திருக்கிறது. உலகத்தில் எந்தக் கம்ப்யூட்டருக்குள்ளும் புகுந்து பூட்டைத் திறக்கக் கூடியவன் இவன் என்பதும், இலாகாவின் கட்டடத்தை வெடிக்கச் செய்தது இந்த வித்தையால்தான் என்பதும் எல்லோருக்கும் தெரியும். இப்படிப்பட்டவனுடைய கம்ப்யூட்டரைக் கியூ என்னும் மகா மேதையான வாலிபர் என்ன செய்கிறார்? எடுத்து நேராக இலாகாவின் சொந்தக் கம்ப்யூட்டர்களோடு இணைத்துவிடுகிறார். கதவுகள் எல்லாம் தாமே திறந்துகொள்கின்றன. சில்வா காவல்காரர்களைக் கொன்றுவிட்டுப் போய்விடுகிறான். சிறு ஆபீஸில் குமாஸ்தா வேலை பார்க்கும் பையன்கூட, தெருவில் கிடந்த பொருளை ஆபீஸ் கம்ப்யூட்டரில் சொருகமாட்டான்.

மேதாவி ஒருவன் முட்டாள்தனம் செய்யக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. ஸ்ரீராமனைவிட மேதாவி யார்? அவனே பொன் மானைத் துரத்திக்கொண்டு போகவில்லையா? ஆனால் அந்த இடத்தைக் கதை எப்படி நடத்துகிறது என்று பாருங்கள். "இது மான் அல்ல, மாரீசன் மாயை" என்று இலக்குமணன் முன்கூட்டியே சொல்லிவிடுகிறான். கேட்கிறவர்களுக்குச் சந்தேகம் எழுவதற்கு முன்பே கதையிலுள்ளவனுக்கு எழுந்துவிடுகிறது. அப்படியும் சீதையின் ஆசை வெல்லுகிறது. ராமனுடைய அன்பு வெல்லுகிறது. தவறு நேர்கிறது; ஆனால் அந்தத் தவறு அவர்களுடைய சுபாவத்திலிருந்து பிறந்த தவறாக இருக்கிறது. அதன் பலனை அதற்குப் பின் வரும் கதை முழுவதும் அநுபவிக்கிறார்கள். கியூ செய்த தவறு எந்த ஆசையிலிருந்து பிறந்தது? பக்கத்தில் நின்ற பாண்டாவது, "அப்பா, சற்று யோசித்துச் செய்" என்று ஒரு வார்த்தை சொன்னாரா? அந்த வாலிபருக்குக் கர்வம் அதிகம் என்று முன்பே ஒரு காட்சியில் காட்டியிருக்கிறார்கள். அந்தக் கர்வத்தை இங்கே இழுத்துக் கட்டி, பாண்ட் தடுக்க, இவர் கேட்காமல் செய்ததாக வைத்திருந்தால் இரண்டே வரியில் ஓட்டை அடைபட்டிருக்கும். பாண்ட் தடுக்காததோடு, பூட்டைத் திறக்கும் ரகசிய வார்த்தையையும் அவரே கண்டுபிடித்துக் கொடுக்கிறார்! 'கிரான்பரோ ரோடு' என்பது அந்த வார்த்தை. 1936-ல் மூடிவிட்ட ஒரு ரயில் ஸ்டேஷனின் பெயர். இவ்வளவு நுணுக்கமான பெயரைத் தேடிப் பிடித்தவர்களுக்கு, அந்த இரண்டு வரி எழுத அவகாசம் கிடைக்கவில்லை.

பிறகு பாதாள ரயில் சுரங்கத்தில் துரத்தல். பாண்ட் சில்வாவைக் குறி பார்த்து நிற்கிறார். சில்வா ஒரு பொத்தானை அமுக்குகிறான். மேலே கூரை வெடிக்கிறது. அந்த ஓட்டை வழியாக ஒரு ரயில் வண்டி, கணக்காக அந்தக் கணத்தில், பாண்டின் தலைமேல் வந்து விழுகிறது. லண்டன் ஜனங்கள் ஆபீஸ் விட்டுப் போகும் நெரிசல் நேரம் என்று இப்போதுதான் காட்டினார்கள். விழுகிற வண்டியிலோ டிரைவரைத் தவிர ஒரு பிராணி இருந்ததாகத் தெரியவில்லை!

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சில்வாவின் திட்டம் நிறைவேற என்னவெல்லாம் சரியாக நடக்க வேண்டும்? செத்தவர் பிழைத்து வர வேண்டும். அவர் தோளில் மாதக்கணக்கில் புதைந்திருந்த குண்டுத் துண்டு, கொலைகாரனை அடையாளம் காட்ட வேண்டும். ஷாங்காயில் விழுந்து செத்தவன் பெட்டியில் மக்காவுக்கு வழி காட்டும் சூதாட்டக் காய் இருக்க வேண்டும். செவரின் அழைத்து வர வேண்டும். ஹெலிகாப்டரில் வருகிறவர்கள் சில்வாவைச் சுடாமல் உயிரோடு பிடிக்க வேண்டும். கொண்டு வந்து, சுரங்கப் பாதைக்குப் பக்கத்தில் அடைக்க வேண்டும். எம் அம்மாள் பார்லிமெண்டு விசாரணைக்குப் போயிருக்கும் அதே மணியில் கியூ கம்ப்யூட்டரை இணைக்க வேண்டும். துரத்தி வருகிறவர் சுரங்கத்தில் வெடி வைத்த இடத்துக்கு நேர் கீழே வந்து நிற்க வேண்டும். மேலே வண்டி நேரம் தவறாமல் வர வேண்டும். இவ்வளவையும் முன்கூட்டி அறிந்தவன் மனிதன் அல்ல; கதையை எழுதினவர்தான். சில்வாவின் வேஷத்தைப் போட்டுக்கொண்டு அவரே உள்ளே வந்துவிட்டார். அவரை எதிர்த்து யாரால் ஜயிக்க முடியும்? ஜயிக்க முடியாதவனோடு போடும் சண்டையில் பார்க்கிறவனுக்கு என்ன பதைப்பு இருக்கும்?

வேண்டுமென்றே பிடிபடும் வில்லன் அந்த வருஷங்களில் ஒரு நாகரிகமாகவே ஆகிவிட்டான். 2008-ல் 'தி டார்க் நைட்' படத்தில் ஜோக்கர் பிடிபட்டான். 2012-லேயே 'அவெஞ்சர்ஸ்' படத்தில் லோகி பிடிபட்டான். அதே வருஷம் சில்வா. 'தி டார்க் நைட்' தமக்கு வழி காட்டியது என்று மெண்டிஸே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனால் ஜோக்கர் உலகத்தைக் கலைக்க வந்த பைத்தியம். அவனுக்கு எது நடந்தாலும் லாபந்தான். சில்வாவுக்கோ ஒரே ஒரு ஸ்திரீயிடம் கணக்குத் தீர்க்க வேண்டும். அவன் உண்மையில் எதை விரும்புகிறான்? முகத்துக்கு நேரே நின்று, "உன்னால் நான் என்ன ஆனேன் பார்" என்று காட்ட விரும்பினால், அது கண்ணாடிக் கூண்டிலேயே நிறைவேறிவிட்டது. விஷக் குப்பியைக் கடித்தும் சாகாமல் உள்ளே வெந்துபோன முகவாயை அந்த அம்மாளுக்குக் கழற்றிக் காட்டுகிறான். படத்திலேயே உயர்ந்த காட்சி அது. வெறுமே கொல்ல விரும்பினால், ஆபீஸை வெடிக்கச் செய்தவனுக்கு அது முதல் நாளே முடிகிற காரியம். இருவரும் ஒரே குண்டில் சாக விரும்பினான் என்று கடைசியில் மாதா கோயிலில் தெரிகிறது. அப்படியானால் நடுவில் விசாரணை மண்டபத்தில் தெருப் போக்கிரியைப்போல் கண்டபடி சுட்டது எதற்காக? ஒரு மனிதனுக்கு மூன்று ஆசை வைத்து, எந்த ஆசையையும் அவனை ஆள விடவில்லை.

"பாண்ட் படத்தில் இதற்குமேல் முடியாது" என்பவர்களுக்குப் பதில் சொல்ல வெளியில் போக வேண்டியதே இல்லை. இதே டானியல் கிரெய்க் நடித்து, இந்தக் கதையை எழுதிய மூவரில் இருவராகிய பர்விஸும் வேடும் எழுதிய 'கஸினோ ராயல்' 2006-ல் வந்தது. அதில் பால் ஹாக்கிஸும் சேர்ந்து எழுதினார். அந்தப் படத்து வில்லன் லெ ஷீஃபர் பயங்கரவாதிகளின் பணத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் வட்டிக்கடைக்காரன் மாதிரி. ஒரு விமானத்தை நாசம் செய்தால் அந்தக் கம்பெனியின் பங்கு விலை விழும் என்று பந்தயம் கட்டுகிறான். பாண்ட் விமானத்தைக் காப்பாற்றிவிடுகிறார்; பணம் போய்விடுகிறது. பணம் பிறத்தியாருடையது, அவர்களோ கத்தியோடு வருகிறவர்கள். அதை மீட்கச் சீட்டாட்டம் வைக்கிறான். ஆட்டத்தில் அவனைத் தோற்கடிக்கப் பாண்ட் வருகிறார். ஒவ்வொரு காட்சியும் முந்தின காட்சியின் வயிற்றிலிருந்து பிறக்கிறது. அவன் நெற்றியில் வேர்க்கிறபோது நமக்கும் வேர்க்கிறது. ஏனெனில் அவனுக்கு மேலே பயப்பட வேண்டியவர்கள் இருக்கிறார்கள். சில்வாவுக்குப் பயமும் இல்லை, பணமுடையும் இல்லை, தவறிப்போகிற காரியமும் இல்லை. இப்படிப்பட்டவனைப் பார்த்து ஆச்சரியப்படலாம், பதைக்க முடியாது.

ஹிட்ச்காக் விஷயத்தை எடுத்துக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. 1959-ல் வந்த 'நார்த் பை நார்த்வெஸ்ட்' படத்தில், சோளக் கொல்லையில் தனியாக நிற்கும் மனிதனைக் கொல்ல, பயிருக்கு மருந்து தூவும் விமானத்தை அனுப்புகிறார்கள்; ஒரு கைத்துப்பாக்கி போதாதா? போதும். ஆனால் அங்கே, "பார், எங்கள் வில்லன் எவ்வளவு புத்திசாலி!" என்று நம்மை மெச்சச் சொல்லுவதில்லை. ஒன்றும் புரியாமல் ஓடுகிற ஒரு விளம்பரக் கம்பெனிக்காரனோடு நாமும் ஒன்றும் புரியாமல் ஓடுகிறோம், அவ்வளவுதான்.

கதாநாயகருடைய திட்டம் வில்லன் திட்டத்துக்குத் தம்பி. எம் அம்மாளைக் காப்பாற்ற வேண்டும். அதற்காக அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு, ஸ்காட்லாந்து மலை நடுவே, தாம் பிறந்த பாழ் வீட்டுக்குப் போகிறார். சில்வா மோப்பம் பிடித்து வரும்படி கியூவைக்கொண்டு தடயம் போடச் செய்கிறார். நல்லது, பொறி வைக்கிறார் என்று நினைக்கிறோம். பொறிக்குள் எலியை வைத்தால் போதுமா? அடிக்கத் தடி வேண்டாமா? படை இல்லை, போலீஸ் இல்லை. உதவிக்கு இருப்பது வயோதிகரான வேட்டைக் காவல்காரர் கின்கேட் ஒருவர். வீட்டிலிருந்த துப்பாக்கிகளையெல்லாம் முன்னமே விற்றுவிட்டார்கள் என்பதும் போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிகிறது. திட்டத்தை லண்டனில் மேலதிகாரி மாலரியும் அறிந்து, தலையசைத்துவிட்டார். பின்னால் மலைச் சரிவில் நாலு ஆட்களை ஒளித்து வைக்க அவருக்கும் தோன்றவில்லை. கடைசியில், சுரங்க வழியாகத் தப்பி இருட்டில் நடக்கும்போது, அநுபவசாலிகளான அந்த இருவரும் கையில் விளக்கைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். விளக்கு வெளிச்சத்தைப் பார்த்துச் சில்வா பின்னாலேயே வந்துவிடுகிறான். எம் அம்மாள் ஏற்கெனவே பட்ட காயத்தால் பாண்டின் மடியில் உயிர் விடுகிறார்.

அதாவது, காப்பாற்றப் போட்ட திட்டமே கொன்றுவிட்டது. இதுதான் படத்தில் மிகப் பெரிய விஷயம்; இதைச் சொல்லியிருந்தால் படம் மகோன்னதமாகியிருக்கும். முன்பு எம் அம்மாள் போட்ட உத்தரவால் பாண்ட் சாகக் கிடந்தார்; இப்போது பாண்டின் முடிவால் எம் அம்மாள் இறந்தார். அதிகாரி செய்த தவறையே பிள்ளையும் செய்துவிட்டான். ஆனால் படம் இதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. யாரும் அவரை ஒரு கேள்வி கேட்கவில்லை. அவரும் தம்மைக் கேட்டுக்கொள்ளவில்லை.

இப்போது பட்டியலுக்கு வரலாம். இந்தக் கதை முழுவதும் அந்தப் பட்டியலால் ஆரம்பித்தது. அதைக் காப்பதற்காகவே, இஸ்தான்புல்லில் குண்டு பட்டுக் கிடந்த சொந்த ஆளை அப்படியே விட்டுவிட்டுப் போகும்படி பாண்டுக்கு உத்தரவாயிற்று. அதற்காகவே பாண்டின்மேல் குண்டு பாய்ந்தது. சில்வா ஐந்து பெயர்களை உலகறிய வெளியிட்டு, அடுத்த வாரம் இன்னும் ஐந்து என்று பயமுறுத்தினான். அந்தப் பெயர்கள் வெறும் எழுத்துக்கள் அல்ல. எதிரியின் வீட்டில் எதிரியோடு உண்டு உறங்கிக்கொண்டிருக்கும் மனிதர்கள். பெயர் வெளியான இரவில் அவர்கள் என்ன செய்தார்கள்? எத்தனை பேர் ஓடித் தப்பினார்கள்? மற்றவர்களை இலாகா திரும்ப அழைத்ததா? சில்வா பிடிபட்டதும் இந்த விஷயமே படத்திலிருந்து நழுவிவிடுகிறது. விசாரணை மண்டபத்தில் பட்டியலைத் தொலைத்ததற்காக மந்திரி திட்டுகிறார், அதோடு சரி. பட்டியல் கிடைத்துவிட்டது என்றோ, அழிந்துவிட்டது என்றோ ஒருவராவது தெளிவாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமே! அத்தனை பேரையும் எதிரிகள் நடுவில் நிறுத்தி வைத்துவிட்டு, கதை ஸ்காட்லாந்துக்குக் கார் ஏறிப் போய்விடுகிறது.

எம் அம்மாளின் மேஜைமேல், பிரிட்டிஷ் கொடி போர்த்த பீங்கான் நாய்ப் பொம்மை ஒன்று இருக்கும். ஆபீஸ் வெடித்தபோது அது எப்படியோ தப்பியது. புது ஆபீஸுக்கும் கூடவே வந்தது. பாண்ட் அதைக் கேலி செய்தார். கடைசிக் காட்சியில் ஈவ் ஒரு சிறு பெட்டியை அவர் கையில் கொடுக்கிறாள். திறந்தால் அந்த நாய்! எம் அம்மாள் மரண சாஸனத்தில் அதைப் பாண்டுக்கு எழுதி வைத்திருக்கிறாராம். எங்கே இருந்தது, எப்படித் தப்பியது, யார் கைக்கு வந்து சேர்ந்தது என்று அந்த நாய்க்கு ஆதியோடு அந்தமாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள். பிறகு புது அதிகாரி மாலரி ஒரு ரகசியக் கோப்பை நீட்டுகிறார், பாண்ட் சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறார், வாத்தியம் முழங்குகிறது.